குதிரைப் பாறைப் பாட்டு

ஆறுமுகநயினார் பேர்போன பேச்சாளர். ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் பொருள் சொல்வார். ஐம்பது வயதுக்கு மேல் அது அலுத்துப்போய், ஆற்றங்கரையில் தனியாக இருந்த செவந்தியம்மாளிடம் சீடராக வந்து சேர்ந்தார். அம்மாள் அவரைவிட வயதில் இளையவர்.

அந்தக் கரையில் ஒரு பாட்டு இருந்தது. நாற்று நடும்போதும் பாடுவார்கள், தொட்டிலை ஆட்டும்போதும் பாடுவார்கள்.

"குதிரைப் பாறை முங்கயிலே
நான் கூப்பிட்டாலும் வராதேய்யா."

குதிரைப் பாறை தெரிந்ததுதான். நடு ஆற்றில், தலையைத் தூக்கியபடி நின்றது. ஆனால் அந்த 'நான்' யார்? கூப்பிடுகிறவளே வராதே என்பாளா? நயினாருக்குப் பிடிபடவில்லை. சாப்பிடும்போதும் அதே நினைப்பு.

ஒருநாள் ஓட்டமாக வந்தார்.

"அம்மா, குதிரைங்கிறது மனசு. 'நான்'ங்கிறது அகங்காரம். மனசு அடங்குற நேரத்துல அகங்காரம் கூப்பிட்டா போகாதே. சரிதானே?"

"அழகா இருக்கு."

"சரியான்னு கேட்டேன்."

அம்மாள் அடுப்புக்குள் விறகைத் தள்ளினார்.

விஷயம் அக்கரைக்குப் போயிற்று. பாட்டுக்குப் பொருள் சொல்ல வரவேண்டும் என்று ஊர்க்காரர்கள் அழைத்தார்கள். நயினாருக்கு மறுக்க மனம் வரவில்லை.

அவர் புறப்பட்ட காலையில் மலையில் மழை. ஆறு செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது. வழக்கமாக முழங்கால் தண்ணீரில் நடந்து கடக்கிற இடம். அக்கரையில் மாலையோடு நின்றார்கள்.

"வாங்கய்யா! இடுப்பளவுதான்!"

நயினார் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார்.

கூடவே வந்த அம்மாள் கரையிலிருந்து கேட்டார்.

"நயினார், குதிரைப் பாறை எங்க?"

அவர் பார்த்தார். பாறை இல்லை. அந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. மேலேயிருந்து ஒரு பனைமரம் உருண்டு வந்து, சுழியில் செங்குத்தாக எழுந்து நின்று, உள்ளே போயிற்று. மேலே வரவேயில்லை.

அக்கரையில் கூப்பிட்ட குரல்கள் அடங்கின. நயினார் கரையேறி உட்கார்ந்தார்.

"இவ்வளவுதானா அம்மா? வெள்ளத்துல இறங்காதேங்கிறதுதான் பாட்டா?"

"இறங்கியிருந்தா இப்படிக் கேக்க ஆள் இருந்திருக்காது."

நயினார் வேட்டி நுனியைப் பிழிந்தார். ஆனாலும் மனசு விடவில்லை.

"அப்படின்னா 'யார் கூப்பிட்டாலும்'னுல்லா இருக்கணும்? 'நான்'னு ஏன் வந்துது? யாரும்மா அந்த நான்?"

அம்மாள் அக்கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாட்டைக் கட்டினவ. பிள்ளைக்குக் காய்ச்சல்னு அந்தக் கரையில நின்னு புருஷனைக் கூப்பிட்டா. ஒருநாளும் அவ சொல்லைத் தட்டாதவன். அன்னைக்கும் தட்டல."