பட்டி பூசிய படி

பள்ளித் தாளாளர் சிதம்பரநாதன் ஸ்கூல் வேனைப் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார். ஏறும் படி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது.

“வெட்டித் தகடு வைக்கணும் சார்” என்றாள் பட்டறையில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள்.

“நீ எனக்குச் சொல்றியா? சின்னப் பிள்ளைங்க ஏறுற படிதானே! ஓட்டையைப் பட்டி வச்சு அடைச்சுப் பெயிண்ட் அடி. நாளைக்கே வேணும்.”

“சரி சார்.”

மறுநாள் படி பளபளத்தது. தாளாளர் முகமும்தான்.

“நல்ல காரியம் சார். முதல்ல நீங்கதான் வலது காலை எடுத்து வச்சு ஏறணும்.”

ஆள் நூறு கிலோ. தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

“தாங்குமா?”

“பட்டி பார்வைக்குத்தான் சார், பாரத்துக்கு இல்ல. சின்னப் பிள்ளைங்க ஏறுற படிதானேன்னு நீங்கதான் சொன்னீங்க.”

கால் மெதுவாகத் தரைக்கு வந்தது. “வெட்டிடும்மா” என்றார், தலை நிமிராமல்.

துருவை வெட்டியெறிந்து, புதுத் தகடு பற்றவைத்து, மறுபடி துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்சைடும் அடித்து முடித்தாள்.

வேனை எடுக்க வந்த தாளாளர் வேட்டியை மடித்துக் கட்டினார். படியில் ஏறிக் குதித்தார். இன்னொரு தடவை குதித்தார். மூன்றாவது தடவை எம்பும்போது பேச்சியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“போதும் சார். பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க.”