கடை நிமிஷம்

“பொய் சொல்லாம இனிமே டார்ச் விக்க முடியாதுங்கம்மா. நான் என்னதான் பண்ணட்டும்?”

குகைவாசலில் வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்த நாச்சிமுத்து குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. இதைத்தான் முதலில் கேட்டார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கோயம்புத்தூரில் டார்ச் லைட் செய்யும் கம்பெனி வைத்திருப்பவர். அந்தக் குகையிலேயே தனியாக வாழும் குகையம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. ஆனாலும் பத்து வருஷமாக மனசு கலங்கும்போதெல்லாம் மலையேறி அவளிடம்தான் வருவார். வயசில் என்ன இருக்கிறது? தெளிவு இருக்கிற இடத்துக்குத்தானே கால் போகும்!

குகையம்மா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு உன்னைப் பொய் சொல்லச் சொன்னது?”

“எல்லாம் அந்த எல்.இ.டி.யால வந்த வினைங்கம்மா.”

அம்மா சிரித்துவிட்டாள். “பாவம், அது வாயில்லாத ஜீவன். அது தலையில ஏன் பழியைப் போடற?”

“சிரிக்காதீங்கம்மா. ஆறு மாசத்துக்கு ஒருக்கா புதுசு வருது. போன வருஷம் பெட்டியில ‘இதுக்கு மேல வெளிச்சம் இல்லை’ன்னு போட்டேன். மை காயறதுக்குள்ள அதுக்கு மேல ஒண்ணு வந்து நிக்குது.”

“அடப் பாவமே.”

“அடுத்த கம்பெனிக்காரன் பெட்டி மேல பத்தாயிரம் லூமென்னு போடறான். லூமென்னா வெளிச்சத்தோட அளவுங்க. என்னுது முந்நூறு. நிஜமான முந்நூறு. நாலு மணி நேரம் ஒரே சீரா எரியும். யாரு பார்க்கறா? கடைக்காரங்க பெட்டியைத் திருப்பி நம்பரைப் பார்க்கறாங்க, ‘போய்ட்டு வாங்கண்ணா’ங்கறாங்க.”

“சரி.”

“என்னங்கம்மா சரி? முப்பத்திரண்டு பொம்பளைங்க என்னை நம்பி வேலைக்கு வர்றாங்க. இப்ப செஞ்சிருக்கற புதுச் சரக்கும் போகலைன்னா ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான். அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

நாச்சிமுத்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு புது டார்ச்சை எடுத்து அம்மா முன்னால் வைத்தார்.

“இதுதான் புதுசு. இதுலயும் பத்தாயிரம்னு போட்டாத்தான் எடுப்போம்னு டீலருங்க சொல்லிட்டாங்க. ஐம்பதாயிரம் பெட்டி அடிக்கணும். சாயங்காலத்துக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லணும்னு அச்சாபீஸ்ல நெருக்கறாங்க.”

“பத்தாயிரம் வருமா?”

“மூவாயிரம் வரும். அதுவும்...” கொஞ்சம் தயங்கினார். “அதுவும் ஒரு நிமிஷத்துக்குத்தாங்க.”

“அப்புறம்?”

“சூடாயிரும். சூடானா தானாவே மங்கி அணைஞ்சிரும். ஆறினாத்தான் திரும்ப எரியும். ஆனா கடையில ஒரு நிமிஷத்துக்கு மேல யாருங்கம்மா எரியவிட்டுப் பார்க்கறாங்க? ஸ்விட்சைப் போடுவாங்க, எதிர்ச்சுவத்துல அடிப்பாங்க, ‘அடேங்கப்பா’ம்பாங்க, வாங்கிட்டுப் போயிருவாங்க. எங்க தொழில்ல அதுக்குக் கடை நிமிஷம்னே பேரு. அந்த ஒரு நிமிஷத்துக்குன்னே நான் ராப்பகலா உட்கார்ந்து செஞ்சதுங்க இது.”

சொல்லும்போது வெட்கத்தோடு கொஞ்சம் பெருமையும் எட்டிப்பார்த்தது. வேலை தெரிந்தவன் புத்தி எங்கே போகும்?

அம்மா டார்ச்சைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணு வேணும். வித்துக் காட்டு.”

“உங்களுக்குப் போய் விப்பேனுங்களா? சும்மா வெச்சுக்குங்கம்மா.”

“ஓசியில வேண்டாம். நான் கடைக்கு வந்தவ, நீ கடைக்காரன். ம், ஆரம்பி.”

நாச்சிமுத்து கூச்சத்தோடுதான் ஆரம்பித்தார். நாலு வார்த்தை போனதும் வாய் சூடு பிடித்துவிட்டது.

“வாங்கக்கா, வாங்க! பத்தாயிரம் லூமென். யானையே எதிர்ல வந்தாலும் கண்ணு கூசித் திரும்பி ஓடிரும். தைரியமா எடுத்துட்டுப் போங்க.”

அம்மா ஸ்விட்சைப் போட்டு எதிர்ப்பாறையில் அடித்தாள். நிழலில் கிடந்த பாறை வெள்ளைவெளேரென்று ஆனது.

“அடேங்கப்பா!” என்றாள். அணைத்தாள். உரித்த கடலையில் ஒரு கை அள்ளி விலையாக அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

வியாபாரம் முடிந்தது.

“எழுந்திரு. குகைக்குள்ள சுனையில தண்ணி எடுக்கணும். துணைக்கு வா.”

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். செருப்பு, போன், பை எல்லாம் வாசலோடு சரி. உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது அந்தக் குகையின் வழக்கம். நாச்சிமுத்து எல்லாவற்றையும் பாறைமேல் வைத்துவிட்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வெளியே உச்சி வெயில். உள்ளே முதல் வளைவு திரும்பியதுமே பகல் போய்விட்டது. டார்ச் மட்டும் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. குனிந்து போக வேண்டிய இடம், வழுக்கும் படி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

இரண்டாவது வளைவில் டார்ச் கையைச் சுட்டது. வெளிச்சம் சுருங்கி, ஊதுபத்தி நுனி அளவுக்கு ஆகி, அதுவும் போயிற்று.

கண்ணைத் திறந்தாலும் இருட்டு, மூடினாலும் அதே இருட்டு. எங்கேயோ இடதுபக்கம், கீழே, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுனை ஆழம் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். அது எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

“அம்மா?”

“இங்கதான் இருக்கேன்.”

“கொஞ்சம் ஆறட்டும்ங்கம்மா. அசையாம நில்லுங்க.”

“நிக்கறேன். பொருள் நல்ல பொருள்தான் நாச்சிமுத்து. கடையில பார்த்தப்ப ரொம்பப் பிடிச்சுது. வாங்கியும் ஆச்சு.” இருட்டில் அம்மாவின் குரல் நிதானமாக வந்தது. “இனி நான் வீட்டுக்கு எப்படிப் போறது?”

தன்னை நம்பி உள்ளே வந்தவளை இப்படி நிறுத்திவிட்டோமே என்று நாச்சிமுத்துவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

“தப்புதாங்கம்மா. என் கையைப் பிடிச்சுக்குங்க. சுவத்தைத் தடவித் தடவி நானே வெளிய கூட்டிட்டுப் போயிர்றேன்.”

இருட்டில் கையை நீட்டினார். பதிலுக்குக் கை வரவில்லை. குரல்தான் வந்தது.

“ஐம்பதாயிரம் பெட்டியும் வித்ததுக்கப்புறம், எல்லார் கையையும் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக நீ வருவியா, அப்பனே?”