அந்தியில் கூப்பிடும் சம்பங்கி

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்தால் சும்மா இருக்குமா? அவரை புடலையைக் குறை சொல்லும், முருங்கை காற்றைத் திட்டும். இந்தக் கூச்சலுக்கு நடுவே அங்காயியின் தோட்டத்தில் ஒரு சம்பங்கித் தாய் இருந்தாள். அவள் பூ வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆனால் மணம் என்பது மருந்துக்கும் கிடையாது.

அவளுக்கு எந்நேரமும் ஒரே கவலைதான். பிள்ளைகளில் ஒருத்திகூடத் தன்னை விட்டு நகர்ந்துவிடக் கூடாது. வருஷா வருஷம் அவள் இடுப்பைச் சுற்றிப் புதுக் கிழங்குகள் பிறந்தன. மூன்றாம் வருஷமே பாத்திக்குள் விரல் நுழைய இடமில்லை.

“அம்மா, மூச்சு முட்டுது. அக்கா என் மேலயே உக்காந்திருக்கா.”

“கொஞ்சம் ஒடுங்கிக்க கண்ணு. அந்தப் பக்கம் போனா பெருச்சாளி இருக்கு, என்னென்னமோ இருக்கு.”

ஒடுங்கி ஒடுங்கி ஒவ்வொருத்தியும் பூண்டுப் பல் அளவுக்கு வந்துவிட்டாள். தண்ணீர் பாய்ந்தால் முதல் வாய்க்கே அடிதடி. நாலாம் வருஷம் பூ குறைந்தது. ஐந்தாம் வருஷம் ஒரு கதிர்கூட வரவில்லை, இலைதான் கோரை மாதிரி மண்டிக் கிடந்தது.

ஒருநாள் காலையில் அங்காயி மண்வெட்டியோடு வந்து நின்றாள். செடியின் சம்மதம் இல்லாமல் அதன் வேரில் இரும்பு வைக்கும் வழக்கம் அப்போது கிடையாது.

“ஆத்தா, பிரிச்சு நட்டுக்கட்டுமா? எங்க வீட்டுக்காரர் மொத்தமா வெட்டி எருக்குழியில போட்டுட்டுக் கத்தரி வைக்கணுங்கிறார். பூக்காத செடிகிட்ட எதுக்குச் சம்மதம்னு கேக்கிறார். இன்னிக்கு வரைக்கும்தான் நான் தடுத்து வச்சிருக்கேன்.”

முடியாது என்று சொல்லத்தான் தாய் வாயெடுத்தாள். அப்போதுதான் நினைவு வந்தது. தன் காலடியில் நசுங்கிக் கிடக்கும் கடைக்குட்டி இரண்டு நாளாகப் பேசவே இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். “ம்” என்று ஒரு முனகல் மட்டும் வந்தது.

“வெட்டு,” என்றாள் தாய். “ஆனா எல்லாரும் என் குரல் எட்டுற தூரத்துல இருக்கணும்.”

அங்காயி குத்தோடு பெயர்த்து, மண்ணை உதறி, கிழங்குகளைப் பிரித்து நிழலில் உலரப் போட்டாள். யார் எங்கே கிடக்கிறார்கள் என்று தெரியாமல் தாய் தவித்த தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு வாரம் கழித்து, ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டாள். தாய் ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லோரும் பதில் கொடுத்தார்கள், ஒருத்தியைத் தவிர.

“கடைக்குட்டி எங்க?”

அங்காயி தலையைக் குனிந்துகொண்டாள். “பாத்தி நெறைஞ்சு போச்சு ஆத்தா. வாய்க்காலுக்கு அந்தாண்ட வீராயி ஆசையாக் கேட்டா. குடுத்துட்டேன். அவ தோட்டம் நல்ல மண்ணு.”

“உசுரோட இருக்காளா?”

“குடுக்கிறப்ப இருந்தா.”

குடுக்கிறப்ப! இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்தத் தாயால் நிம்மதியாக இருக்க முடியும்? தொண்டை கிழியக் கூப்பிட்டாள். வாய்க்கால் சலசலப்பைத் தாண்டி அந்தக் குரல் போகவில்லை. பகலெல்லாம் தோட்டத்தில் மற்ற செடிகளின் சளசளப்பு வேறு.

மூன்றாம் நாள் அவள் வாயை மூடினாள். இனி ஒரு சொல்லையும் வீணாக்குவதில்லை என்று முடிவு செய்தாள். அக்கம்பக்கத்துச் செடிகள் கேலி பேசின, பெற்ற பிள்ளைகள் கெஞ்சினார்கள். அவள் பேசவில்லை. சொல்லாத சொல்லெல்லாம் அவளுக்குள் சேர்ந்துகொண்டே வந்தது. ஆவணியில் நெடுநெடுவென்று ஒரு கதிர் எழுந்தது. ஊர்ச்சத்தம் அடங்கிய ஓர் அந்தியில் முதல் பூ விரிந்தபோது, சேர்ந்து கிடந்த குரல் அத்தனையும் மணமாக வெளியே வந்தது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டியது.

பதில் இல்லை.

மறுநாள் அந்தியிலும் கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும். பொடிக் கிழங்கு முதல் வருஷம் பூக்காது என்று அவளுக்கு யார் சொல்வது? மழைக்காலம் போனது, பனி போனது. “போனவ போயிட்டா, விடும்மா,” என்றாள் மூத்தவள். தாய் விடவில்லை. கூடவே இருந்து பார்த்த பிள்ளைகளும் ஒவ்வொருத்தியாகப் பேச்சை நிறுத்தி, தங்கச்சிக்காகக் குரலைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

மறு வருஷம் ஆவணியில் ஓர் அந்தி. இந்தப் பாத்தியில் இன்னும் ஒரு மொட்டுகூட விரியவில்லை. ஆனாலும் சம்பங்கி மணம் வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

அன்று முதல்தான் சம்பங்கி யாரிடமும் பேசுவதில்லை. பகல் முழுக்க வாய் மூடிக் கிடந்துவிட்டு, அந்தி சாய்ந்ததும் வேலி தாண்டி மணக்கிறது.