மாடத்தி கடைச் சிவப்பு நூல்

வெள்ளைக்காரத் துரைமார் ஆண்ட நாளில், ரயில் எட்டிப் பார்க்காத ஒரு சின்ன ஊர் இருந்தது. சங்கிலிப்பேட்டை என்று பெயர். ஊர்தான் சின்னது, கடைவீதி நீளமானது. அதில் எதிரும் புதிருமாக இரண்டு ஜவுளிக் கடைகள். காதைக் கொடுத்துக் கேளுங்கள், நம் கதை அந்த இரண்டு வாசலுக்கு நடுவில்தான் நடக்கிறது.

வடக்குப் பார்த்த கடை உலகநாதனுடையது. பெரிய கடை, பெரிய பலகை, பெரிய பேச்சு. தெற்குப் பார்த்த கடை மாடத்தியுடையது. புருஷன் போன பிறகு தனியாளாக நடத்தினாள். அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு, அந்தக் கடைதான் அவளுக்கு வீடு, அந்தக் கடைதான் அவளுக்கு ஊரில் இருந்த மரியாதை.

மாடத்தியிடம் ஒரு வழக்கம் உண்டு. தறிக்காரர்கள் கொண்டுவரும் துணியை அப்படியே அடுக்கிவிட மாட்டாள். காலை வெயிலில் பிடித்து முழம் முழமாகப் பார்ப்பாள். இழை விட்டிருந்தாலும், அறுந்திருந்தாலும், எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும், அதற்கு நேராகக் கரையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டுவாள். ஒரு நூலுக்கு அரையணா விலை குறைப்பாள்.

"இந்தா, இங்கன ஒரு பழுது இருக்கு. பாத்துக்கிடுங்க," என்று விரல் வைத்துக் காட்டித்தான் விற்பாள்.

இப்படி ஒரு வியாபாரியை நீங்கள் பார்த்ததுண்டா? ஊரும் பார்த்ததில்லை. வந்தவர்கள் மிரண்டு எதிர்க் கடைக்கு ஓடினார்கள். உலகநாதனுக்குக் கொண்டாட்டம். "அது ஓட்டைக் கடை! நம்ம கடையில நூலும் கிடையாது, கோளாறும் கிடையாது," என்று வாசலில் நின்று சிரித்தான்.

ஆனால் உலகநாதன் கடைத் துணியின் பழுது வீட்டுக்குப் போன பிறகுதான் கண்ணில் படும். திருப்பிக் கொண்டுவந்தால் அவனிடம் ஒரே பதில்தான். "உம்ம வீட்டு முள்ளுல மாட்டியிருக்கும் வே!"

முதலில் மனம் மாறியவர், வயலை உழுது பிழைக்கும் சம்சாரி சுடலைமுத்து. அடுத்து, மகளுக்குச் சேலை எடுத்து ஏமாந்த இசக்கியம்மாள். மூன்றாவதாக, ஊர்த் துணியெல்லாம் வெளுக்கும் பேச்சிமுத்து. துணியின் வண்டவாளம் வெளுக்கிறவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவர் வெளுக்கும் துறையில் நின்று உடைத்துச் சொல்லிவிட்டார்: "மாடத்தியக்கா துணியில நூல் கட்டின இடம்தான் பழுது. நூல் கட்டாத இடத்தைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்."

அன்றிலிருந்து கூட்டம் வீதியைக் கடந்து மாடத்தி பக்கம் வந்தது.

உலகநாதன் சும்மா இருப்பானா? மூட்டை மூட்டையாகச் சிவப்பு நூல் வாங்கினான். வேலையாட்களை உட்காரவைத்து, துணியைப் பிரித்தும் பார்க்காமல், சாண் இடைவெளி விட்டு மும்மூன்று நூல் கட்டச் சொன்னான். விலையை முதலில் இரண்டணா ஏற்றினான், பிறகு மூன்று நூலுக்கென்று ஒன்றரையணா குறைத்தான். அந்தத் துணிகளைத் தலைச்சுமையாக வெளியூருக்கு அனுப்பி, "மாடத்தி கடைத் துணி" என்று கூவி விற்க வைத்தான். பாவி!

மேலப்பாறைக் கல்யாணத்தில் வந்தது வினை. அந்தத் துணியை உடுத்திய மாப்பிள்ளை, தாலி கட்டக் குனிந்தான். வேட்டி டர்ரென்று கிழிந்தது. பந்தல் முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளையின் தகப்பன் கிழிந்த வேட்டியோடு சங்கிலிப்பேட்டைக்கு வந்து, மாடத்தி கடை வாசலில் நின்று கத்தித் தீர்த்தார். உலகநாதன் அவரைக் கையோடு கூட்டிப் போய், மாடத்தி கடையை மூட வேண்டும் என்று தாசில்தாருக்கு மனு எழுதிக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் தாசில்தார் வில்வண்டியில் வந்து இறங்கினார். கடைவீதியே திரண்டது.

"என்னம்மா சொல்லப்போறே?" என்றார்.

மாடத்தி முன்னால் வந்து நின்றாள். "எசமான், எதிர்க் கடையிலயும் இப்பச் சிவப்பு நூல் கட்டுதாக. வெயில் நல்லா அடிக்கி. ரெண்டு கடையிலயும் மும்மூணு துணியை நீங்களே எடுத்து மூங்கில்ல விரிச்சுப் பாருங்க. நூல் இருக்கிற இடத்துல பழுது இருக்கணும். நூல் இல்லாத இடத்துல இருக்கக் கூடாது. என் துணியில ஒண்ணு மாறியிருந்தாலும் கடையைப் பூட்டிச் சாவியை உங்க கையில தாரேன்."

மாடத்தியின் முதல் துணியை விரித்தார்கள். இரண்டு நூல், இரண்டு பழுது. இரண்டாவதை விரித்தார்கள். ஒரு நூல், ஒரு பழுது. மூன்றாவதை விரித்தார்கள். அதில் நூலே இல்லை. தாசில்தாரின் சேவகன் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே போனான், நடுவில் நின்றான்.

"எசமான், இங்கே ஒரு இழை அறுந்திருக்கு!"

"பாத்தீகளா! பாத்தீகளா!" என்று உலகநாதன் குதித்தான்.

சுடலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "மூங்கில் சிலும்பு குத்தியிருக்கும் எசமான்!" என்றார். தாசில்தாரும், இருக்கலாம் என்பதுபோல மூங்கிலைத் தடவிப் பார்த்தார்.

ஒரு தலையாட்டல் போதும், மாடத்தி தப்பித்துவிடலாம். அவள் துணியருகே போனாள், பார்த்தாள், கண் கலங்கியது.

"சிலும்பு இல்ல எசமான். இது தறியிலயே அறுந்த இழை. போன அடைமழையில வெயில் இல்ல. விளக்கு வெளிச்சத்துல அவசரமாப் பாத்து வச்சேன். தப்பு என்மேலதான்."

அங்கேயே கடையைப் பூட்டினாள். தாசில்தார் கையில் சாவியை வைத்தாள். சோறும் போச்சு, வீடும் போச்சு, மரியாதையும் போச்சு என்று ஓரமாக ஒதுங்கி நின்றாள். இசக்கியம்மாள் வாய்விட்டு அழுதாள்.

தாசில்தார் சாவியைப் பார்த்தார், எதிர்க் கடையைப் பார்த்தார். "அந்த மூணையும் விரி," என்றார்.

உலகநாதனின் முதல் துணியில் மூன்று நூல். அவற்றுக்கு நேராக ஒரு பழுதும் இல்லை, நூல் இல்லாத இடத்தில் ஐந்து பழுது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை மடித்த மடிப்பிலேயே ஓட்டை.

மேலப்பாறைக்காரர் தன் மகனின் கிழிந்த வேட்டியைப் பக்கத்தில் விரித்தார். சாண் இடைவெளியில் அதே மூன்று நூல், நூல் இல்லாத இடத்தில் கிழிசல். அவர் முகம் சிவந்தது. "அடப் பாவி மனுசா! என்னை வச்சே மனு எழுதினீரே!"

உலகநாதன், "முள்ளு..." என்று ஆரம்பித்தான். கூட்டம் சிரித்த சிரிப்பில் மீதி வெளியே வரவில்லை.

தாசில்தார் கையைத் தூக்கினார். "ஒரு இழைக்காக முழுக் கடையையும் ஒப்படைக்கிறவ கையிலதான் இந்தச் சாவி இருக்கணும். உலகநாதா, இனி உன் கடையில சிவப்பு நூலைக் கண்டா உன் கடைக்குப் பூட்டு என்னுடையது. மாப்பிள்ளைக்குப் புது வேட்டி நீதான் வாங்கித் தரணும், எதிர்க் கடையில எடுத்து!"

சாவியை நீட்டினார். மாடத்தி உடனே வாங்கவில்லை. முதலில் இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து ஒரு சிவப்பு நூலை எடுத்தாள். மூங்கிலில் கிடந்த தன் மூன்றாம் துணியில், அறுந்த இழைக்கு நேராகக் கட்டினாள். பிறகுதான் சாவிக்குக் கை நீட்டினாள்.

"அந்தத் துணி எனக்கு!" என்றார் சுடலைமுத்து. "எனக்கு!" என்றாள் இசக்கியம்மாள். "யாரு வாங்கினாலும் வெளுக்கிறது நான்!" என்றார் பேச்சிமுத்து. கடைவீதி அதிர்ந்தது.

கூட்டம் கொஞ்சம் வடிந்ததும், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீதியைக் கடந்து வந்தவர் யார் தெரியுமா? நம்ம உலகநாதன்தான்.

"ஒரு வேட்டி வேணும்," என்றான்.

மாடத்தி அவனைக் குத்திக் காட்டவில்லை. நல்ல வேட்டியாக ஒன்றை எடுத்து, எல்லாருக்கும் செய்வதுபோலவே வெயிலில் முழம் முழமாகப் பிடித்துக் காட்டினாள். "நல்லாப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி," என்றாள்.

ஆகையால், கேட்டவர்களே, இதை மனதில் முடிந்துகொள்ளுங்கள்: தன் சரக்கின் குறையைத் தன் வாயால் சொல்லுகிறவருடைய கடையை யாராலும் மூட முடியாது.