பெருவிரல் பதியாத பேச்சித்தாய்

"டீச்சர், ஒரே ஒரு விரல்தான் குறை. அதைப் பதிய வைக்க ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவர் இன்னாசிமுத்து. தூத்துக்குடிப் பக்கம் இறால் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி.

டீச்சர் என்று அவர் கூப்பிட்டது ஜெசிந்தாவை. குளிர் அறைகளுக்கான அம்மோனியா கம்ப்ரசரை ஓட்டுபவர். அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனால் அந்த வாயுவைப் பற்றி இன்னாசிமுத்துவுக்குத் தெரிந்ததெல்லாம் ஜெசிந்தா சொல்லித் தெரிந்ததுதான்.

ஜெசிந்தா ஒரு வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யார் விரல் சார்?"

"பேச்சித்தாய். பதினாறு வருசம் ஐஸ்ல இறால் உரிச்சு ரேகையே தேஞ்சுபோச்சு. எந்தப் பயிற்சிக்கு வந்தாலும் மெஷின் எடுக்க மாட்டேங்குது. பயிற்சிப் பலகையில இருநூத்திப் பதினோரு பேர் பச்சை. அவங்க மட்டும் சிவப்பு."

"இருந்துட்டுப் போகட்டுமே."

"சிவப்புல இருக்கிறவங்களை வெள்ளிக்கிழமையோட வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி நிர்வாகத்துல உத்தரவு டீச்சர்."

வால்வு பளபளத்தது. ஜெசிந்தா இன்னும் துடைத்தார்.

"மத்தவங்க எல்லாம் தேறியாச்சா?"

"போன மாச வாயுக் கசிவு ஒத்திகையில பதினாலே நிமிசம். இருநூத்திப் பதினோரு விரலும் பதிவு. வேணும்னா இப்ப வெச்சுப் பாருங்க."

"யாருக்கும் சொல்லாமலா?"

"சொல்லாமதான்."

இன்னாசிமுத்து ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜெசிந்தா சைரனை அழுத்தினார்.

இறால் உரிக்கும் கூடத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஓடிவந்து, கம்ப்ரசர் அறைச் சுவரில் மாட்டியிருந்த விரல் மெஷின் முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒழுங்கான வரிசை.

"ஏட்டி, விரலைத் துடைச்சிட்டு வை. உன் ஈரத்துக்கு அது சாயங்காலம் வரைக்கும் யோசிக்கும்."

"தள்ளாதீக மயினி. விரல் வெச்சாத்தான் டீ."

"டீ எங்க ஓடியா போகுது? பின்னால போங்க."

இன்னாசிமுத்து மெஷின் பக்கத்தில் நின்று நேரம் பார்த்தார்.

பதிமூன்று நிமிடம் ஐம்பது விநாடி. போன மாதத்தைவிடப் பத்து விநாடி குறைவு.

மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தார்.

கம்ப்ரசர் அறைச் சன்னலுக்குப் பின்னால், கைநீட்டினால் தொடும் தூரத்தில், ஜெசிந்தா வாயுக் கவசம் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். முதலில் தன் பின்னால் இருந்த அம்மோனியாக் குழாயைக் காட்டினார். பிறகு கொடிக்கம்பத்தைக் காட்டினார்.

கம்பத்தின் உச்சியில் காற்றுத் திசை காட்டும் துணிப்பை இந்த வரிசையின் பக்கமாகவே நீண்டு பறந்தது.

தூரத்தில், காற்றுக்குக் குறுக்கே, கூட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு ஆள். முகத்தில் ஈரத் துணி.

இன்னாசிமுத்து வரிசையைப் பார்த்தார். வரிசைக்கும் முன்னால், மெஷினை ஒட்டி நின்ற தன் கால்களைப் பார்த்தார்.

பிறகு நடந்தார்.

அவரைக் கண்டதும் பேச்சித்தாய் வலது கையைச் சேலைக்குள் மறைத்தாள்.

"என் விரலைத்தான் அது எடுக்காதே சார். அங்க நின்னு என்ன செய்ய? அதான் நீங்க வகுப்புல சொன்னபடி துணிப்பையைப் பார்த்துட்டு வந்துட்டேன். தப்பா?"

இன்னாசிமுத்து அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இங்கே காற்று நன்றாக இருந்தது.

"சார், வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நான் வர வேண்டாமா?"

"சனிக்கிழமை சீக்கிரமே வாங்கம்மா. இருநூத்திப் பன்னெண்டு பேருக்குப் பயிற்சி இருக்கு. நீங்கதான் முன்னால நடக்கணும்."

அவள் மனசுக்குள் பலகையை எண்ணிப் பார்த்தாள்.

"பச்சையில இருநூத்திப் பதினோரு பேர்தானே சார்?"

இன்னாசிமுத்து ஸ்டாப் வாட்சைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"என்னையும் சேர்த்து."