எப்ராயீம் பாடிய சரணம்

தூத்துக்குடிப் பக்கம், உப்பளத்து ஊர் ஒன்றில் அருமைநாயகம் என்றொரு லாரி டிரைவர் இருந்தார். அவர் கோயிலில் ஞாயிறு ஆராதனையில் வாய் திறந்தால், தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

அந்தக் கோயிலின் பாடகர் குழுவை நடத்தியவர் மோட்சராணி டீச்சர். அருமைநாயகத்தைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் பாட்டு விஷயத்தில் டீச்சர் சொன்னதுதான் அவருக்கு வேதவாக்கு.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிய வாரம் அருமைநாயகம் டீச்சர் முன் வந்து நின்றார்.

"இனிமே நான் பாடல டீச்சர்."

"தொண்டை சரியில்லையா அண்ணாச்சி?"

"தொண்டைக்கு ஒண்ணுமில்ல. மனசுக்குத்தான். நல்லாப் பாடுனீருன்னு யாராவது சொன்னா நெஞ்சு நிமிருது. ஆண்டவர் சந்நிதியில அது பெருமை இல்லையா? பாவம் இல்லையா?"

டீச்சர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த எப்ராயீமைக் காட்டினார்.

"ஈஸ்டர் பாட்டுல ரெண்டாஞ்சரணத்தை அவர் தனியாப் பாடட்டும். நீங்க சொல்லிக்கொடுங்க."

அருமைநாயகம் திகைத்துப்போனார். எப்ராயீம் உப்பு மூட்டை ஏற்றுகிறவர். வாலிபத்தில் ஒருமுறை அவர் பாடியபோது கோயிலே சிரித்தது. அன்றிலிருந்து ஆராதனையில் வாயை மட்டும் அசைப்பார்.

"அவரா? சுருதி கிழக்க போனா அவரு மேக்க போவாரே!"

"அதனாலதான் உங்ககிட்ட விடுதேன்."

எப்ராயீமும் லேசில் சம்மதிக்கவில்லை. "மறுபடியும் ஊரு என்னைப் பாத்துச் சிரிக்கணுமாவே?" என்றார். கெஞ்சிக் கூட்டிவர வேண்டியிருந்தது.

லாரிக்குள்தான் பாடம். அருமைநாயகம் பாடிக் காட்டுவார். எப்ராயீம் எட்டிப் பிடிக்கப் பார்த்துக் கீச்சிடுவார். "என்னை மாதிரி பாடும்வே!" என்று கத்தியதில், ஒரு நாள் எப்ராயீம் பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் அருமைநாயகத்துக்கு உறைத்தது. தான் எங்கே மூச்சு எடுக்கிறோம், எந்தச் சொல்லை ஊன்றுகிறோம் என்று அவருக்கே தெரியாது. பிறவியில் வந்த குரல், வந்தபடி பாடிக்கொண்டிருந்தார். முதல்முறையாக உட்கார்ந்து, தன் பாட்டைத் தானே பாடிக் கவனித்தார்.

பிறகு எப்ராயீம் வீட்டுக்குப் போனார்.

"நீரு பாடும். நான் கேக்கேன்."

கேட்டார். எப்ராயீமின் குரல் மேலே இல்லை; அடியில், ஆழத்தில் கிடந்தது. பாட்டை அங்கே இறக்கிக் கொடுத்தார்.

ஈஸ்டர் ஆராதனை வந்தது. முதல் சரணத்தைக் குழு பாடி முடிக்க, ஆர்மோனியம் சுருதியைத் தாழ்த்தியது. எப்ராயீம் எழுந்தார். குரல் நடுங்கவில்லை. கல்லறை திறந்த சேதியை அந்தக் கனத்த குரல் நிதானமாகச் சொல்லச் சொல்ல, கோயில் அசையாமல் கேட்டது. அன்று சிரித்தவர்கள் இன்று கண்ணைத் துடைத்தார்கள். எப்ராயீமின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் எப்ராயீமைச் சூழ்ந்துகொண்டார்கள். அருமைநாயகத்தை யாரும் கவனிக்கவில்லை. அவரும் அதைக் கவனிக்கவில்லை. டீச்சரிடம் ஓடிவந்தார்.

"பாத்தீங்களா டீச்சர்! எங்க எப்ராயீமு பாடுனதைப் பாத்தீங்களா! அவரைத் தோள்ல தூக்கிட்டு ஊரைச் சுத்தணும்போல இருக்கு எனக்கு!"

டீச்சர் சிரித்தார்.

"ஆறு வாரம் சொல்லிக்கொடுத்த உங்களுக்கே இப்படி இருக்கே அண்ணாச்சி. நீங்க பாடும்போதெல்லாம், உங்களுக்கு அந்தக் குரலைக் கொடுத்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?"