சடையனும் பேசும் பெட்டியும்

மருதங்கோட்டை ஜமீன்தார் சபைக்கு வரும்போது அவர் பட்டங்களை உரக்கக் கூவுவது சடையனின் வேலை. அந்த வேலைக்கு உலை வைக்க அனந்தையா என்ற யந்திர வித்துவான் வந்து சேர்ந்தார்.

அவர் கொண்டுவந்த மரப்பெட்டியின் மேல் ஒரு தலை இருந்தது. நுரையீரலுக்குத் தோல் துருத்தி, வாய்க்குள் ரப்பர் நாக்கு. துருத்தி ஏறி இறங்க, அது பட்டங்களைப் பிசகாமல் கூவியது.

"இதுக்குச் சம்பளம் வேண்டாம், சளி பிடிக்காது" என்றார் அனந்தையா. "குறை இருந்தால் இந்த ஆள் காட்டட்டும்!"

"காட்டு சடையா. இல்லையென்றால் நாளை முதல் நீ வர வேண்டாம்" என்றார் ஜமீன்தார்.

கூவும்போது நடுவே பெட்டி எச்சில் விழுங்கியதைச் சடையன் கேட்டிருந்தான். அதன் முன்னால் உட்கார்ந்து சத்தமாகக் கொட்டாவி விட்டான். மறுபடியும் விட்டான். சபை முழுக்க அது தொற்றிக்கொண்டது. வழக்கப்படி எல்லாரும் வாயெதிரே சொடக்குப் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் பெட்டியும் நீளமாக ஒரு கொட்டாவி விட்டது.

"பார்த்தீர்களா எஜமான், கொட்டாவிகூட விடுகிறது!" என்று அனந்தையா குதித்தார்.

பெட்டிக்குள்ளிருந்து இரண்டு சொடக்குச் சத்தம் கேட்டது.

"நாக்கு ரப்பர், சரி. சொடக்குப் போட்ட விரல் யாருதுங்க?" என்றான் சடையன்.

சபை சிரித்தது. பெட்டியைத் திறந்துகொண்டு வியர்த்து வழிந்த ஒருவன் எட்டிப் பார்த்தான். "அண்ணே, கொஞ்சம் தண்ணி..."

சடையன் செம்பை நீட்டிவிட்டு ஜமீன்தாரிடம் திரும்பினான். "எஜமான், நல்ல குரலுங்க. எனக்குத் தொண்டை கட்டுற நாளைக்கு இவனையே வச்சுக்கலாம். பெட்டி வேண்டாம்."